பதில் வருவதற்கு முன்பே

மூன்று வருடங்கள் ஒரு ஜெபக் குறிப்பேடு வைத்திருந்தேன். இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் அதற்குப் பதில் கிடைத்த தேதி. பதில் கிடைத்தவற்றைப் பச்சை மையால் குறித்துவைப்பேன். அம்மாவின் சுகத்துக்காக எழுதிய வரிக்கு எதிரே மட்டும் வெறுமையாகவே இருந்தது. அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவும் கையுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று வாயில் வந்தது "அப்பா" என்ற ஒரே சொல்தான். அரைமணி நேரம் முழங்காலில் நின்றும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நான் உண்மையாக ஜெபிக்கத் தொடங்கியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கேட்பது தவறென்று சொல்லவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொன்னவரே இயேசுதான். ஆனால் அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்பே நம் தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் என்றும் சொல்கிறார். அறிந்தவரிடம் எதற்காகப் போகிறோம்? அவரோடு இருக்கத்தானே.

பிள்ளைக்காக ஏங்கி ஜெபித்த அன்னாளின் கதையை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சாமுவேல் பிறந்ததைத்தான் அதில் பார்த்தேன். இப்போது 1 சாமுவேல் முதல் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தைத் தாண்ட முடிவதில்லை. வருஷந்தோறும் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய், சாப்பிடாமல் அழுதவள் அவள். உதடுகள் அசைகின்றன, சத்தம் இல்லை. குடித்திருக்கிறாள் என்று அங்கிருந்த ஆசாரியர் ஏலி கடிந்துகொள்கிறார். (ஆசாரியருக்கே ஜெபம் எது, வெறி எது என்று தெரியாமல் போயிற்று.) கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். பிறகு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கருத்தரிக்கக்கூட இல்லை. ஏலி வாழ்த்தி அனுப்பினார், உண்மைதான். சற்றுமுன் குடிகாரி என்று நினைத்தவரின் வாழ்த்து மட்டுமா அந்த முகத்தை மாற்றியிருக்கும்? ஊற்றிய இடத்தில் ஒருவர் இருந்தார் என்பதே என் நம்பிக்கை.

இதனால்தான் சபைகளில் சாட்சி நேரம் என்னைச் சங்கடப்படுத்துகிறது. வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார், சுகம் பெற்றவர் எழுந்து நிற்கிறார். நானும் அவர்களோடு மகிழ்கிறேன். கிடைக்காதவர் எந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பது? "விசுவாசம் போதவில்லை" என்று அவரிடம் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 88ஆம் சங்கீதம் கடைசிவரை விடியாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற சத்தம் வந்தது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்ட குமாரன் இயேசுவுக்கே பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

குறிப்பேடு இன்னும் மேசையில் இருக்கிறது. அந்த வரிக்கு எதிரே இதுவரை ஒன்றும் எழுதவில்லை. அதிகாலையில் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்துவைத்துக்கொள்கிறேன். அம்மாவைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் பேசாமலும் இருக்கிறேன்.