என் காதுக்கு உங்க ரேங்க் எதுக்கு?

ஞாயித்துக்கிழமை ஆடியோ மீட்ல நடந்தத பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி அந்த ஸ்டோரிய பாத்ததுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. யாருன்னு பேர் சொல்லப் போறதில்ல, அங்க இருந்தவங்களுக்கு தெரியும், இல்லாதவங்க இந்நேரம் ஸ்க்ரீன்ஷாட் பாத்திருப்பீங்க. ஒருத்தர் என் சென்ஹைசர் ஐஇ 900-அ (ஐஇஎம், அதாவது காதுக்குள்ள சொருகற இயர்ஃபோன்) கைல வாங்கி, அவரோட ஃபோன் டாங்கிள்ல (ஃபோனுக்கும் இயர்ஃபோனுக்கும் நடுவுல மாட்டற குட்டி ஆடியோ கருவி) சொருகி, தலைக்கு மேல ஏசி ஓட, பக்கத்துல நாலு பேர் சத்தமா பேச, ஒரு பாட்டு பாதி கூட முடியல, கழட்டி கைல குடுத்துட்டு "ம்ம், லிஸ்ட் போட்ட ரிவ்யூவர் சொன்ன மாதிரியே இருக்கு, மிட்ஸே இல்ல, இதுக்கா ப்ரோ லட்ச ரூபா"ன்னார். மிட்ஸ்னா குரல் உக்கார்ற நடு ஃப்ரீக்வென்சி. லிஸ்ட்னா ஐஇஎம்களுக்கு ஏ, பி, சி-ன்னு ரிவ்யூவர் ரேங்க் போடற பட்டியல். சரி, அது அவர் அபிப்பிராயம்னு விட்டுட்டேன். ஆனா வீட்டுக்குப் போய் என் ஐஇஎம் ஃபோட்டோவ போட்டு "இத வாங்க காது தேவையில்ல, பர்ஸ் போதும்"னு எழுதினா, அதுக்குக் கீழ எனக்குத் தெரிஞ்சவங்களே சிரிப்பு பொம்மை போட்டா, எனக்கு வலிக்குமா வலிக்காதா?

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். என் காதுல ஒரு ஐஇஎம் எப்படி கேக்குதுங்கறத என் காதுதான் சொல்லணும். ரிவ்யூவர் அவர் காதுல எப்படி கேட்டுச்சுன்னு சொல்லலாம், நல்லா சொல்லலாம், எனக்கு அது உதவியாவும் இருக்கலாம். ஆனா அது எனக்கான தீர்ப்பு கிடையாது.

இதுல ரசனைன்னு மட்டும் சொல்லி நான் தப்பிக்கல. காது ஓட்டைலேருந்து செவிப்பறை வரைக்கும் சுமாரா 25 மில்லிமீட்டர், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும், நிறைய பேருக்கு வலது காதுக்கும் இடது காதுக்குமே மாறும். அந்த குழாயோட வாய ஐஇஎம் அடைச்சிடுது. அடைச்ச இடத்துக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மிச்சம் இருக்கற நீளத்தப் பொறுத்து ட்ரெபிள்ல, அதாவது கூர்மையான மேல் சத்தத்துல, ஒரு பீக் எழும்பும். உள்ள கொஞ்சம் தள்ளி மாட்டினா அது மேல் ஃப்ரீக்வென்சிக்கு போகும், வெளிய இழுத்தா கீழ வரும். அதாவது ஒரே பீஸ், ஒரே பாட்டு, ஆனா உங்களுக்கு கேக்கற ட்ரெபிளும் எனக்கு கேக்கற ட்ரெபிளும் வேற. முனைல மாட்டற ரப்பர் டிப் சரியா அடைக்கலன்னா இன்னும் மோசம், பேஸ் (கனமான கீழ் சத்தம்) மொத்தமா ஓடிடும், மிச்சம் இருக்கறது கீச்சுன்னு கேக்கும். அன்னிக்கு அவர் காதுல இருந்தது என்னோட டிப்ஸ், என் காது சைஸுக்கு மாட்டினது, அவர் தலைய திருப்பறப்ப இடது பக்கம் வெளிய வந்து தொங்குனத நான் கண்ணால பாத்தேன். "வேற சைஸ் மாத்தி பாருங்க"ன்னு டப்பாவ நீட்டினேன். "வேணாம் ப்ரோ, புரிஞ்சிடுச்சு"ன்னார். என்ன புரிஞ்சிச்சு?

உடனே கிராஃப் எடுத்துட்டு வருவாங்க, எந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு சத்தமா வருதுன்னு அளந்து வரைஞ்ச கோடு. கிராஃப நான் தினமும் பாக்கறவன்தான், கிராஃப் பொய்னு சொல்லல. ஆனா அது எங்கேருந்து வருது? முக்கால்வாசி பேர் வச்சிருக்கறது 711 கப்ளர்ங்கற செயற்கைக் காது, அதுலயும் காப்பி அடிச்ச சீன மாடல். இப்ப அந்த ஸ்டாண்டர்டுக்கு பேரு ஐஇசி 60318-4. காது மாதிரி நடந்துக்கும்னு அந்த ஸ்டாண்டர்டே சொல்றது 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல நிறைய கிராஃப்ல ஒரு முள்ளு நிக்குமே, அது கப்ளரோட ரெசொனன்ஸ், அதையும் அளக்கறவர் ஐஇஎம்ம உள்ள தள்ளி இழுத்து அந்த இடத்துக்கு கொண்டு வந்து வைப்பார். இதுக்குத்தான் ப்ருயெல் அண்ட் கியார் கம்பெனி 5128-னு புது செயற்கைத் தலைய கொண்டு வந்தாங்க, 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, அதுல அளந்தா அதே ஐஇஎம்முக்கு கோடு வேற மாதிரி வருது. அளக்கற கருவி மாறினாலே கோடு மாறுது, காது மாறினா மாறாதா? இந்த முள்ள காட்டி "பாருங்க சிபிலன்ஸ்"னு, அதாவது ஸ், ஷ் சத்தம் காத குத்தும்னு, எங்கிட்ட பாடம் எடுக்கறாங்க. என் காதுல அந்த முள்ளு அங்க இல்லவே இல்லயே, நான் என்ன பண்ணட்டும்?

அந்த டாங்கிள் விஷயத்தையும் சொல்லிடறேன். என்னோடது ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்), அதனால சோர்ஸ், அதாவது பாட்டு ஓட்டற கருவி, மாறினாலும் பெருசா ஆட்டம் காணாது. ஆனா அதே மேசைல இன்னொருத்தரோட கேம்ப்ஃபயர் ஆன்ட்ரோமெடா இருந்துச்சு, அஞ்சு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (வேற வகை டிரைவர்), மின்தடை வெறும் 12.8 ஓம். அந்த மாதிரி ஐஇஎம்ல ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் ஓம் மாறும், சோர்ஸோட அவுட்புட் இம்பீடன்ஸ் (சோர்ஸ் பக்கத்து மின்தடை) கொஞ்சம் அதிகமா இருந்தாலே ட்யூனிங்கே, அதாவது பேஸ், மிட்ஸ், ட்ரெபிள் சமநிலையே, மாறிடும். அதையும் அதே டாங்கிள்ல மாட்டி அதுக்கும் தீர்ப்பு சொல்லிட்டார். இது நான் கட்டி விடற கதை இல்ல. ட்ரூத்இயர் ஸீரோ ரெட் வாங்கினவங்க டப்பாவ திறந்து பாருங்க, அதுல 10 ஓம் அடாப்டர் ஒண்ணு வரும், அத நடுவுல மாட்டினா பேஸ் ஏறும். அந்த ஐஇஎம்ம ட்யூன் பண்ணதுல ரேங்க் லிஸ்ட் போடற பிரபல ரிவ்யூவர் கிரினக்கிளோட பேரே இருக்கு. ரிவ்யூவர் உலகத்துல நீங்க கும்பிடற ஆளே பத்து ஓம்ல சத்தம் மாறும்னு டப்பால போட்டு குடுக்கறார், நீங்க எந்த சோர்ஸ்னு ஒரு வார்த்தை கூட கேக்காம மார்க் போடறீங்க.

இப்ப எங்க பெரியப்பா கத சொல்லணும். கும்பகோணத்துல மிருதங்கம் சொல்லிக்குடுக்கறவர். நான் அவர்கிட்ட கத்துக்கிட்டு பாதில விட்டவன், ஆனா சின்ன வயசு முழுக்க அந்த சத்தத்துல வளந்தவன். பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரவைய தண்ணி விட்டு பிசைஞ்சு, உருட்டி, மிருதங்கத்தோட இடது பக்கமான தொப்பி நடுவுல வச்சு கட்டவிரலால அழுத்தி அழுத்தி வட்டமா பரத்துவார். ஒரு தட்டு. கொஞ்சம் கிள்ளி எடுப்பார். திரும்ப ஒரு தட்டு. அவருக்கு பிடிச்ச அந்த "தொம்" வர்ற வரைக்கும் எங்கள உக்கார விட மாட்டார். வலது பக்கமான வலந்தலைல கருப்பா இருக்கே கரணை, அதனாலதான் மத்த பல தோல் வாத்தியத்துக்கு வராத சுருதி மிருதங்கத்துக்கு வருதுன்னு சி.வி.ராமனே 1920-ல நேச்சர் பத்திரிகைல எழுதினார். பெரியப்பாவுக்கு அந்த கட்டுரையெல்லாம் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

போன தடவ ஊருக்குப் போனப்ப, லிஸ்ட்ல உச்சத்துல இருக்கற ஒரு ஐஇஎம்ம ஃப்ரெண்ட்கிட்ட கடன் வாங்கி எடுத்துட்டுப் போயிருந்தேன், பேர் வேணாம், ரெஃபரன்ஸ் ட்யூனிங்னு எல்லாரும் தூக்கி வச்சு ஆடறது. அவர் காதுக்கு டிப் சரி பாத்து, ஒரு பழைய கச்சேரி ரெக்கார்டிங்க போட்டு குடுத்தேன். கண்ண மூடி கேட்டார். மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனம் வந்ததும் ஒரு காத கழட்டிட்டு, "ஏன்டா தம்பி, அதுக்குள்ள ரவ காஞ்சு போச்சா இவருக்கு?"ன்னார். அடுத்தது என் ஐஇ 900, அதே ரெக்கார்டிங், அதே இடம், வால்யூம் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கற மாதிரி நானே பாத்து வச்சேன். தொடைல தாளம் போட ஆரம்பிச்சிட்டார். தனி முடியற வரைக்கும் கழட்டல. "இதுல தொப்பி பேசுது"ன்னார். ரெண்டுல எது விலை அதிகம்னு நான் சொல்லவே இல்ல, அவரும் கேக்கல.

அறுபத்தஞ்ச தாண்டின மனுஷன், மேல் ஃப்ரீக்வென்சி காதுல விழாதுன்னு சொல்வீங்க. விழாதுதான். ஆனா ஒரு மிருதங்கம் மிருதங்கம் மாதிரி கேக்குதான்னு சொல்ல இவரவிட தகுதியான காத எனக்கு காட்டுங்க. மிட்ஸ் பின்னாடி போயிருக்குன்னு ஐஇ 900 பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க, அவங்க கேக்கற பாட்டுக்கு அது உண்மையா இருக்கலாம். நான் ராத்திரி கேக்கறது கச்சேரி. தம்புரா குதிரை (தந்தி தாங்கற கட்டை) மேல நூல நகத்தி நகத்தி ஜீவா புடிப்பாங்களே, அதுல எழும்பற ரீங்காரம் பாடறவர் குரலுக்குப் பின்னாடி ஓடிட்டே இருக்கறது இதுல எனக்கு தெளிவா கேக்குது. எந்த ரிவ்யூல தம்புரா வச்சு சோதிச்சாங்க? நான் பாத்த வரைக்கும் ஒருத்தர் கூட இல்ல. அவங்க சோதிக்காத விஷயத்துக்கு அவங்க போட்ட மார்க்க எப்படி நான் ஏத்துக்கறது?

"ஹார்மன் டார்கெட் சயின்ஸ் ப்ரோ, ப்ளைண்ட் டெஸ்ட் பண்ணது"ன்னு வருவீங்கன்னு தெரியும். நிறைய பேருக்குப் பிடிச்ச சத்தம் எதுன்னு ஹார்மன் கம்பெனி ஆராஞ்சு வரைஞ்ச கோடு அது. எனக்கும் அந்த ஆராய்ச்சி மேல மரியாதை உண்டு. ஆனா முழுசா படிங்க. ஹார்மன்ல ஷான் ஆலிவ் டீம் 2019-ல ஹெட்ஃபோன் வச்சு கேக்கறவங்கள வகை பிரிச்சப்ப, ஹார்மன் டார்கெட்ட ஒட்டி விரும்பினவங்க 64 சதவீதம். இன்னும் பேஸ் வேணும்னவங்க 15, பேஸ் கம்மியா வேணும்னவங்க 21. மூணுல ஒருத்தருக்கும் மேல வேற மாதிரி கேக்க ஆசப்படறாங்கன்னு அந்த சயின்ஸே சொல்லுது. அந்த மூணுல ஒருத்தர பாத்துதான் நீங்க "காது இல்ல"ன்னு சொல்றீங்க.

விலைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு 2017-ல 283 ஹெட்ஃபோன அளந்து பாத்து ஒரு பேப்பர் வந்துச்சே? வந்துச்சு, சரிதான். விலை அதிகம் அதனால நல்லா இருக்குன்னு நான் எங்கயாவது சொல்லியிருந்தா காட்டுங்க.

அடுத்தது என்னை ரொம்ப எரிய விடற கேள்வி. "காச போட்டுட்டீங்க, அதனால மூளை நல்லாருக்குன்னு சொல்லுது." இத சொல்றவங்க முகத்துல ஒரு சின்ன சிரிப்பு இருக்கும். சரி, காசு போட்டவனுக்கு மூளை ஏமாத்தும்னா, வர்றதுக்கு முன்னாடியே லிஸ்ட்ல கம்மி ரேங்க்னு படிச்சிட்டு வந்தவருக்கு மூளை ஏமாத்தாதா? அவர் மாட்டறதுக்கு முன்னாடியே "இதானே அந்த ஓவர்ரேட்டட்"னு சொல்லிட்டுதான் மாட்டினார், பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. எனக்கு மட்டும் பிளாசிபோ, உங்களுக்கு மட்டும் ஞானமா? சத்தம் கூடக்குறைய இருந்தாலே பேஸ் வேற மாதிரி கேக்கும்னு 1933-லயே ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து சொல்லிட்டாங்க, கொஞ்சம் சத்தமா வச்சது பொதுவா ரெண்டுல நல்லதா தெரியும், இது தெரிஞ்சவங்க லெவல் மேட்ச் பண்ணாம, அதாவது ரெண்டோட வால்யூமையும் ஒரே அளவுக்கு கொண்டு வராம, ரெண்டு ஐஇஎம்ம ஒப்பிடவே மாட்டாங்க. அன்னிக்கு யார் லெவல் மேட்ச் பண்ணாங்க? நான் பெரியப்பாவுக்கு பண்ண அளவுக்குக் கூட அந்த ஹால்ல எவரும் பண்ணல.

லட்ச ரூபா லட்ச ரூபான்னு சொல்றாங்களே, அத பத்தியும் ஒண்ணு. 1,299 டாலருக்கு 2021-ல வந்த சாமான நான் வந்த அன்னிக்கே வாங்கல. இருந்த ஹெட்ஃபோன வித்தேன், இருந்த ஆம்ப வித்தேன், போனஸ் வர்ற வரைக்கும் காத்திருந்தேன், வீட்டுல கேட்டு அவங்க சரின்னு சொன்னதுக்கப்புறம் வாங்கினேன். எனக்கு கார் ஆசை இல்ல, ஃபோன் மாத்தற பழக்கம் இல்ல. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஒரு மணி நேரம் பாட்டு கேக்கறது ஒண்ணுதான் எனக்கு. அந்த ஒண்ண எடுத்து ஸ்டோரில வச்சு சிரிக்கறதுக்கு உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

ரிவ்யூவே வேணாம்னு நான் சொல்றதா திரிச்சிடாதீங்க. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்ல போய் ஐஇஎம்ம காதுல மாட்டி பாத்துட்டு வாங்கறேன்னு சொன்னா எந்தக் கடைல விடுவாங்க? நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் கேக்காமதான் வாங்கறோம். அதனால ரிவ்யூ வேணும், கிராஃப் வேணும், எத வாங்கிக் கேட்டுப் பாக்கலாம்னு முடிவு பண்ண அது ரொம்ப வேணும். ரெண்டு மூணு வருஷம் ஒருத்தரோட ரிவ்யூவ படிச்சா அவருக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சிடும், அவர் "பேஸ் அதிகம்"னா எனக்கு சரியா இருக்கும்னு கணக்கு போடலாம். நான் அப்படித்தான் படிக்கறேன். ஆனா வாங்கி, மாசக்கணக்கா தினமும் கேக்கறவன்கிட்ட வந்து "உனக்கு கேக்கறது தப்பு"ன்னு சொல்றதுக்கு ரிவ்யூ எழுதப்படல.

எனக்கு உண்மைல கோவம் என்ன பத்தினது கூட இல்ல. அன்னிக்கு மீட் முடியறப்ப ஒரு காலேஜ் பையன் தயங்கி தயங்கி வந்தான். பார்ட் டைம் வேல பாத்து வாங்கின ஐஇஎம்ம காட்டி, "அண்ணா, எனக்கு இது ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா லிஸ்ட்ல சி-ல இருக்கு, வித்துட்டு வேற வாங்கிடவா?"ன்னு கேட்டான். பிடிச்சிருக்குன்னு அவன் வாயாலயே சொல்றான், ஆனா பிடிச்சிருக்கறத நம்ப பயப்படறான். அவனுக்கு அந்த பயத்த யார் குடுத்தது? ரிவ்யூவர் குடுக்கல. நம்ம மீட்ல, நம்ம க்ரூப்ல, யாராவது "எனக்கு பிடிச்சிருக்கு"ன்னு சொன்னதும் ரேங்க தூக்கிட்டு ஓடி வர்றோமே, நாமதான் குடுத்தோம். விக்காதடான்னு சொல்லி அனுப்பினேன். வித்துட்டானான்னு தெரியல. தம்பி, இத படிச்சா இன்பாக்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லு.

அந்த ஸ்டோரி போட்டவருக்கும் சொல்றேன். அடுத்த மீட்டுக்கு நான் வருவேன், அதே ஐஇ 900-அயும் கொண்டு வருவேன். ஹாலுக்கு வெளிய அந்த சின்ன ரூம், ஏசிய அமத்திடலாம். லெவல் மேட்ச் பண்ண நான் மீட்டர் எடுத்துட்டு வர்றேன். ஒரு முழு கச்சேரி உருப்படி, தனியோட சேத்து, பாதில கழட்டாம கேக்கணும். கேட்டுட்டு எனக்கு பிடிக்கலன்னு சொன்னீங்கன்னா உங்க காத மதிச்சு கை குடுப்பேன். உங்க காதுக்கு சரியா உக்கார்ற டிப்ஸ மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க.