குளம் பச்சையா இருந்தா மீனுக்கு நல்லதா?

கந்தளாய்க் குளம் பச்சை பிடிச்சா "இனி மீனுக்கு நல்ல தீன்" எண்டு சந்தோஷப்படுற ஆக்கள் எங்கட பக்கம் நிறைய. நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எவ்வளவு பாசி எண்டதை விட என்ன பாசி எண்டதுதான் பெரிய கேள்வி.

பாசியை நேரா மேயுறது பெரும்பாலும் விலங்குப் பிளாந்தன்கள்தான், தண்ணியில மிதக்கிற மிகச் சின்னச் சீவன்கள். மீன்குஞ்சு அதுகளைத் தின்னும். டயட்டம் எண்ட பழுப்பு நிறப் பாசியில ஒமேகா 3 கொழுப்பு தாராளமா இருக்கு. மேயுற சீவன் வளரும், முட்டை போடும். நீலப்பச்சைப் பாசியில அந்த நீண்ட சங்கிலிக் கொழுப்பும் இல்லை, வளர்ச்சிக்குத் தேவையான ஸ்டீரோல் எண்ட கொழுப்புப் பொருளும் இல்லை எண்டே சொல்லலாம். விலங்குப் பிளாந்தனில ஒண்டான நீர்த்தெள்ளுக்கு ஸ்டீரோலைத் தானாச் செய்யவும் ஏலாது. காத்து ஒதுக்கின மூலையில பெயின்ற் ஊத்தின மாதிரி ஆடை படிஞ்சு நிக்கும், அள்ளினா விரலிடுக்கில பச்சைக் குறுணி ஒட்டும். அதில மைக்ரோசிஸ்டிஸ் எண்ட நீலப்பச்சைப் பாசி இருந்தா கூட்டங் கூட்டமா ஒட்டிக்கிடக்கும், சின்னச் சீவனுக்கு வாயில போகாது. சிலது நஞ்சும்.

நல்ல பாசியும் கெடும். வெயில் கூடி பொஸ்பரஸ் குறைஞ்சா பாசி காபனைத்தான் சேர்க்கும். ஒரு பொஸ்பரஸ் அணுவுக்கு 300 காபன் அணுவுக்கு மேல போனா நீர்த்தெள்ளு வளர்ச்சி மந்தம். அதுக்காக வயல் உரம் கழுவிக் குளத்துக்கு வந்தா நல்லம் எண்டில்லை. அது நீலப்பச்சைக்குத்தான் விருந்து.

"அப்ப ஜப்பான் மீன் கொழுக்குதே?" எண்டு கேப்பியள். 1952இல இலங்கைக்குக் கொண்டு வந்த திலாப்பியாதான் அது, அதின்ர வயித்து அமிலம் நீலப்பச்சைப் பாசியையும் உடைச்சுப் போடும். ஆனா ஒரு மீன் தாக்குப்பிடிக்குது எண்டு குளம் முழுக்கச் சுகமா இருக்கெண்டு சொல்லேலுமே? விலங்குப் பிளாந்தனை நம்பியிருக்கிற கட்லா மீன்குஞ்சுகளை விடுறம், படம் எடுத்துப் போடுறம். அந்தத் தண்ணியில ஒரு சொட்டை மைக்கிரஸ்கோப்பில வைச்சுப் பாத்திட்டு விடுறதுக்கு என்ன செலவு?

கடலுக்கும் இதே கதை. டயட்டத்தின்ர ஓடு சிலிக்கா, கண்ணாடி மாதிரிப் பொருள். அதை ஆறுதான் கொண்டு வரும், அணை கட்டினா கொஞ்சம் அங்கேயே அடியில தங்கும். டான்யூப் ஆற்றில பெரிய அணை வந்த பிறகு கருங்கடலில டயட்டத்தை வேறு பாசிகள் முந்தினதுக்கு இதையும் ஒரு காரணமா ஆய்வாளர்கள் காட்டினவை. எங்கட மகாவலியில கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எண்டு வரிசையா அணை. ஆறு வந்து விழுறது திருகோணமலைக் கொட்டியாற்றுக் குடாவில. சூடை மீனும் கீரி மீனும் குறையுது எண்டு வலையை மட்டும் குறை சொல்லுறவை, குடாத் தண்ணியில சிலிக்கா எவ்வளவு எண்டதையும் ஒருக்கா அளக்கச் சொல்லிக் கேளுங்கோ.