படைவீரர்களின் பருமன் வெறும் தசைதானா?

அமெரிக்க ராணுவத்தில் பருமன் என்று காட்டப்படுவதெல்லாம் தசையின் எடையே என்றும், நிரந்தர வீரர்களுக்குக் கொழுப்பு சேராது என்றும் பரவும் செய்தி தவறானது. பருமனைக் கணிக்கப் பயன்படும் உடல் நிறை எண் (BMI), அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது என்பது உண்மையே. அதனால்தான் அந்த ராணுவம் இடுப்புச் சுற்றளவைக் கொண்டும் கொழுப்பின் அளவைக் கணிக்கிறது. ஆனால் 2019 பிப்ரவரிக்கும் 2021 ஜூனுக்கும் இடையில் ஆய்வுக்குட்பட்ட தரைப்படையினரில் ஏறத்தாழ 10,000 பேர் புதிதாகப் பருமன் நிலையை அடைந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் இத்தனை பேருக்குத் தசை பெருகியது என்பது நம்பத்தக்கதன்று. வயது கூடுதல், மேசைப் பணி, முறைமாற்றுப் பணியால் கெடும் தூக்கம், மூட்டுக் காயங்களால் நின்றுபோகும் பயிற்சி ஆகியவை இதனுடன் தொடர்புடையவை. இளையோர் மிகுந்த கடற்காலாட்படையில் பருமன் குறைவாக இருப்பதும் வியப்பன்று.