விடிந்த பிறகு நடந்து வருகிறவர்கள்

வில் வேட்டைக்கு வருகிறவர்களே, தயவுசெய்து விடிவதற்கு முன்பே மரத்தில் ஏறி உட்காருங்கள். துப்பாக்கி என்றால் 100 கெஜம் தள்ளி நிற்கும் மானையும் சுடலாம்; வில்லுக்கு அது 20, 30 கெஜத்துக்குள் தானாக வர வேண்டும், அதற்காகத்தான் நம் வாசனை மானுக்குப் போகாதபடி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, இருட்டிலேயே ஏறி, பாதுகாப்பு வாரை மரத்தோடு மாட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போகும் குளிரில் அசையாமல் இருக்கிறோம்.

இன்று ஒரு பெட்டை மான் வந்தது. காதுகள் முன்னும் பின்னும் திரும்ப, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. இன்னும் பத்தடி வந்திருந்தால் போதும். அப்போதுதான் ஒருவர் தலைவிளக்கைக்கூட அணைக்காமல், சருகு நொறுங்க, காற்று வரும் பக்கத்திலிருந்தே நடந்து வருகிறார்! முன்காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி, மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மான் ஓடியே போனது. அந்தச் சீறலைக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் மற்ற மான்களும் உஷாராகிவிடும், அவ்வளவுதான், காலை முழுக்க வீண்.

பொதுக் காடு, எல்லோருக்கும் உரிமை உண்டு, சரி. சீக்கிரம் எழ முடியாவிட்டால் சாயங்காலம் வரலாமே! இதில் என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போகிறார்.