சி நிரலில் ஹெல்பர் ஃபங்ஷனை எதற்காகப் பிரிக்கிறோம்

சி மொழியில் எழுதும் பலர், ஒரு நிரல் துண்டு இரண்டாவது முறை தேவைப்படும்போது அதைக் காப்பி செய்து ஒட்டி, மாறிகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கூடாது என்பவர்களும் பெரும்பாலும் வரிக் கணக்கையே காரணமாகச் சொல்கிறார்கள்: கோப்பு சிறியதாகும், பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று. எனக்கு அந்தக் காரணம் போதுமானதாகத் தோன்றவில்லை. திரும்பத் தேவைப்படும் துண்டுக்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளும் ஹெல்பர் ஃபங்ஷன் ஒன்றைப் பிரித்தெடுப்பதால் கிடைக்கும் உண்மையான பயன், நிரலில் நாம் எடுத்த ஒரு முடிவுக்கு ஒரே இருப்பிடம் அமைவதுதான். அந்த முடிவு தவறு என்று தெரியவரும் நாளில் எத்தனை இடங்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பயனரிடமிருந்து ஓர் எண்ணை வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். எஃப்கெட்ஸ் கொண்டு ஒரு வரியைப் படித்து, ஸ்டர்டோல் கொண்டு அதை எண்ணாக மாற்ற வேண்டும். இதைச் சரியாகச் செய்ய, அழைப்பதற்கு முன், கடைசியாக நேர்ந்த பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவைப் பூஜ்ஜியமாக்க வேண்டும், இலக்கம் ஏதாவது படிக்கப்பட்டதா என்று, படிப்பு நின்ற இடத்தின் முகவரியான முடிவுப் பாயின்டரைப் பார்க்க வேண்டும், எண்ணுக்குப் பின்னால் வேறு எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதுக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று, பதிவு எண்ணுக்கு ஒன்று என இதை மூன்று இடத்தில் ஒட்டிவைத்தால், எர்நோவைப் பூஜ்ஜியமாக்கும் அந்த ஒற்றை வரி ஏதாவது ஒரு நகலில் விடுபடும். விடுபட்ட இடத்தில், முன்பு எப்போதோ நடந்த பிழையின் எச்சம் எர்நோவில் தங்கியிருந்து, சரியான எண்ணையும் தவறென்று நிராகரிக்கும். புகார் வந்த இடத்தில் மட்டும் ஒருவர் அதைத் திருத்துவார். மற்ற நகல் எதிலாவது அதே குறை இருந்தால், யாரும் கவனிக்கும்வரை அது அப்படியே கிடக்கும்.

இதையே கேள்வி வாசகம், குறைந்தபட்சம், அதிகபட்சம், விடையை வைக்க வேண்டிய முகவரி ஆகிய நான்கையும் பெற்றுக்கொண்டு, வெற்றியா தோல்வியா என்பதை மட்டும் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனாக எழுதினால் போதும். எண்ணையே ரிட்டர்ன் மதிப்பாகத் தந்து, பிழை என்றால் -1 என்று வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. -1 என்பதே சரியான விடையாக இருக்கும் நாள் வரும்.

நகலின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது, 2014 ஏப்ரலில் வெளியே தெரியவந்த ஹார்ட்ப்ளீட் குறையை. எதிர்முனை தன் செய்தியின் நீளம் என்று சொன்ன எண்ணை, உண்மையில் வந்து சேர்ந்த நீளத்தோடு ஒப்பிடாமல், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம் அப்படியே நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை நினைவகம் வெளியே கசிந்தது. இவ்வளவு பலருக்கும் தெரியும். மறைகுறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸுக்கு ஒன்றும் அதன் மாற்று வடிவமான டிடிஎல்எஸ்ஸுக்கு ஒன்றுமாக, ஏறத்தாழ ஒரே ஃபங்ஷன் இரண்டு கோப்புகளில் இருந்தது என்பதும், இரண்டிலும் அதே சோதனை விடுபட்டிருந்தது என்பதும், ஏப்ரல் 7 அன்று வந்த 1.0.1ஜி பதிப்பில் அந்தச் சோதனையை இரண்டு கோப்புகளிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நகல்தான் அந்தக் குறைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஃபங்ஷனாக எழுதியிருந்தாலும் சோதனை விடுபட்டிருக்கலாம். ஆனால் திருத்தியவர்கள் இரண்டாவது கோப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால், டிடிஎல்எஸ் பயன்படுத்தியவர்கள் தீர்வு வந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு ஆபத்தில் இருந்திருப்பார்கள்.

நல்ல உதாரணமும் அதே ஆண்டில்தான் வந்தது. எண்ணிக்கையையும் ஓர் உறுப்பின் அளவையும் பெருக்கி, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மல்லாக்குக்குக் கொடுக்கும்போது, பெருக்கற்பலன் எல்லை மீறிச் சிறிய எண்ணாகச் சுருண்டுவிட்டால், கேட்டதைவிட மிகச் சிறிய இடமே கிடைக்கும். அதற்கு மேல் எழுதப்படுவதெல்லாம் வேறு தரவுக்குரிய நினைவகத்தில் போய் விழும். இந்தச் சோதனையை ஒவ்வொரு இடத்திலும் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 5.6 பதிப்பு ரீஅலாக்அரே என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் அதை வைத்தது. 2017-இல், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியும் அதைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே இருப்பது சில வரிகள்தான், ஆனால் அதை அழைப்பவர் யாரும் அந்தச் சோதனையை மறக்க முடியாது.

பிரித்தெடுக்கும் வேலையில் சி மொழிக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. 128 எழுத்து கொள்ளும் அரே (வரிசை) ஒன்றை அறிவித்து, அதன் அளவைப் பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப் மதிப்பை எஃப்கெட்ஸுக்குக் கொடுக்கும் வரி, இருந்த இடத்தில் சரியாகவே வேலை செய்யும். அதே வரியைத் தனி ஃபங்ஷனுக்குள் வெட்டி ஒட்டினால், அங்கே வந்து சேர்வது அரே அல்ல, அதன் முதல் உறுப்பைச் சுட்டும் பாயின்டர். 64 பிட் கணினியில் சைஸ்ஆஃப் தருவது 8. எஃப்கெட்ஸ் ஏழு எழுத்தோடு நின்றுவிடும். வயதும் மதிப்பெண்ணும் சரியாகவே பதிவாகும். எட்டு இலக்கப் பதிவு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் அடுத்த கேள்விக்கு விடையாகப் போய்ச் சேரும். ஆகவே பஃபரை, அதாவது படித்த எழுத்துகளை வைக்கும் இடத்தை, வாங்கும் எந்த ஹெல்பரும் அதன் அளவையும் தனி அளபுருவாக (அழைப்பவர் கொடுக்கும் மதிப்பாக) வாங்கியே தீர வேண்டும்.

ஒன்றுபோல் தெரிவதையெல்லாம் சேர்த்துவிடவும் கூடாது. ஒன்றில் விதி மாறினால் மற்றொன்றிலும் மாறியாக வேண்டுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் அவை தற்செயலாக ஒத்திருக்கும் இரண்டு தனி வேலைகள். அவற்றை வலிந்து இணைத்தவர், அடுத்த மாதம் உண்மை-பொய் அளபுரு ஒன்றைச் சேர்ப்பார், பிறகு இன்னொன்று, முடிவில் அழைக்கும் வரியில் ஒன்று, பூஜ்ஜியம், ஒன்று என்று நிற்பவற்றின் பொருள் அவருக்கே புரியாது. அத்தகைய ஹெல்பரைவிட இரண்டு நகல்கள் எவ்வளவோ மேல். நல்ல பெயர் வைக்க முடியாத துண்டும் பெரும்பாலும் பிரிக்கத் தகுதியற்ற துண்டுதான்.

வேகம் குறையும் என்ற அச்சத்தில், கம்பைல் ஆகும் முன்பே உரையாகப் பதிலிடப்படும் மேக்ரோவை நாடுவதும் தேவையற்றது. ஒரே கோப்புக்குள் மட்டும் தெரியும்படி ஸ்டாட்டிக் என்று அறிவித்த சிறிய ஃபங்ஷனை, ஆப்டிமைசேஷனை இயக்கியிருந்தால், ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் பெரும்பாலும் அழைத்த இடத்திலேயே விரித்துவிடும். மேக்ரோவோ, அளபுருவில் மதிப்பை ஒன்று கூட்டும் ப்ளஸ் ப்ளஸ் இருந்தால் அதை இரண்டு முறை கூட்டிவிடும் ஆபத்தைக் கொண்டது.

பிரிக்கும்போது நான் வற்புறுத்தும் முறை ஒன்று உண்டு. முதலில் நகல்களை ஒன்றோடொன்று வரிக்கு வரி ஒப்பிட்டு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு எது வேண்டுமென்றே வைத்தது, எது மறதியால் வந்தது என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு ஹெல்பரை ஸ்டாட்டிக்காகவே எழுதி, ஒரு நகலை மட்டும் மாற்றி, சோதித்து, அதன் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வேறொரு கோப்புக்கு அது உண்மையிலேயே தேவைப்படும் வரை அதன் பெயரை, பிற கோப்புகளும் பார்க்கும் ஹெடர் ஃபைலில் போட வேண்டியதில்லை.