மிகிங்கோ: சண்டை பாறைக்கா, மீனுக்கா?

மிகிங்கோ தீவின் படம் அடிக்கடி முகநூலில் சுற்றுகிறது. அரை ஏக்கர்கூடத் தேறுமா என்று தோன்றும் ஒரு பாறை, இடைவெளியே இல்லாமல் தகரக் கொட்டகைகள். "எவ்வளவு நெரிசல் பாருங்க" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பாறைக்கு இரண்டு நாடுகள் மல்லுக்கட்டுகிற கதையை யாரும் எழுதுவதில்லை.

விக்டோரியா ஏரிக்குள் இருக்கிறது தீவு. கென்யாவும் தன்னுடையது என்கிறது, உகாண்டாவும் தன்னுடையது என்கிறது. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கென்யாவின் லுவோ மீனவர்கள். 2004-ல் உகாண்டா போலீஸ் வந்து கொடி நட்டது, அப்புறம் வரி கேட்டது. 2009-ல் தகராறு முற்றி, கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி மக்கள் உகாண்டாவுக்குப் போகும் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டார்கள். அந்த ஆண்டுதான் உகாண்டா அதிபர் முசவேனி சொன்னார்: தீவு கென்யாவுடையது, தண்ணீர் எங்களுடையது.

சிரிப்பு வரும்தான். ஆனால் விஷயத்தை இவ்வளவு நேராக வேறு யாரும் உடைத்துச் சொன்னதில்லை. விதைக்க ஒரு சாண் மண் இல்லாத பாறை யாருக்கு வேண்டும்? வேண்டியது நைல் பெர்ச் மீன். நூறு கிலோவைத் தாண்டியும் வளரும். சதை ஐரோப்பாவுக்குப் போகிறது. வயிற்றுக்குள் இருக்கும் நெட்டி, அதாவது காற்றுப்பை, காயவைத்துச் சீனாவுக்குப் போகிறது. கிலோ கணக்கில் பார்த்தால் சதையைவிட அதற்குத்தான் பல மடங்கு விலை. (இந்த மீனே ஏரிக்குச் சொந்தமில்லை. 1950-களில் கொண்டுவந்து விட்டார்கள், அது உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்த்தது.)

ஏரியில் கென்யாவின் பங்கு வெறும் 6 சதவீதம். 1926-ல் பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்த எல்லை மிகிங்கோவுக்கு மேற்கே ஏறத்தாழ 500 மீட்டரில் ஓடுகிறது. தீவிலிருந்து படகை எடுத்தால் சில நிமிடத்தில் அடுத்த நாடு. வலை காற்றுக்கு நகர்ந்தாலே போதும், மீனவர் குற்றவாளி.

இரண்டு அரசுகளும் எல்லையை அளந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு, இரு கரைக்கும் செல்லும் ஒரே மீன்பிடி உரிமம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஏரியின் மீன்வளத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள கென்யா, உகாண்டா, தான்சானியா என ஏரியைச் சுற்றியுள்ள மூன்று நாடுகளும் 1994-லேயே அமைப்பு தொடங்கிவிட்டன, அதன் அலுவலகம் உகாண்டாவின் ஜின்ஜாவில்தான் இருக்கிறது.

"சின்னக் கண்ணி வலை போட்டு மீன்குஞ்சுகளை அள்ளினால்?" என்று உகாண்டா கேட்கும். நியாயமான கேள்விதான். 2017 முதல் ஏரியில் ராணுவத்தை இறக்கியதற்கும் அதைத்தான் காரணம் சொல்கிறார்கள். சரி, மீன் கரைக்கு வந்து தராசில் ஏறும்போது நீளத்தை அளக்கலாமே? குஞ்சு மீனைக் காசு கொடுத்து வாங்குகிற வியாபாரியும் அங்கேதானே நிற்கிறார், அவரைப் பிடிக்கத் துப்பாக்கி எதற்கு?