தாதி ஆக வேண்டிய பிள்ளையை ஏன் மறுபடியும் ஜிசிஎஸ்இ கணிதத்துக்கு அனுப்புகிறீர்கள்?

இங்கிலாந்தில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்று ஒரு கணிதச் சான்றிதழ் இருக்கிறது. பதினாறு வயதில் எழுதும் பள்ளிப் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இயில், கணிதத்துக்குத் தேர்ச்சியாகக் கருதப்படும் தரம் 4 எடுத்தால் எந்த மட்டமோ, இதுவும் அதே மட்டம் என்று அரசின் தகுதிப் பட்டியலே சொல்கிறது. தரம் 4 இல்லாத, பத்தொன்பது வயதைக் கடந்த பெரும்பாலானோர் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று கல்லூரிகள் கூப்பிடுகின்றன. பிள்ளைகள் நம்பிப் போய்ப் படித்துத் தேறுகிறார்கள். அதன்பிறகு பல்கலைக்கழகம் அந்தக் காகிதத்தைக் கையால் தொடவும் மறுக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

என் அக்காவின் மகள் தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஒரு பல்கலைக்கழகம் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் போதும் என்றது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இன்னொன்று, ஜிசிஎஸ்இ தரம் 4 இல்லையென்றால் விண்ணப்பத்தையே பரிசீலிக்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் அனுப்பியது. அதே படிப்பு, முடித்தால் அதே பதிவு, அதே வார்டு. அனுமதி நிபந்தனையை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதால், பிள்ளையின் தலையெழுத்து அஞ்சல் குறியீட்டைப் பொறுத்ததாகிவிட்டது. "சித்தி, எனக்குக் கணக்கு வராது என்றுதானே இவர்கள் நினைக்கிறார்கள்?" என்று கேட்டாள். வயிறு எரிந்தது.

அவளுக்குக் கணக்கு வரும். 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, நோயாளிக்கு 375 மில்லிகிராம் தேவை, எத்தனை மில்லிலீட்டர் கொடுப்பாய் என்று கேட்டால், ஏழரை என்று உடனே சொல்வாள். தாதிக்கு வேண்டிய கணக்கு இதுதான்: விகிதம், சதவீதம், அலகு மாற்றம். ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் இவற்றைத்தான் சோதிக்கிறது. அதிலும் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டிய பகுதிக்கு. ஜிசிஎஸ்இயில் எளிய நிலையை எடுத்தாலும், இருபடிக் கோவையைக் காரணிப்படுத்து, சைன் 30 எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று தாள்கள். பொறியியல் படிக்கப் போகிறவருக்கு அது தேவை, மறுக்கவில்லை. இரவுப் பணியில் ஊசி மருந்தை அளப்பவருக்கு எதற்கு?

தரத்தைக் காக்கிறோம் என்று யாரும் வாயைத் திறக்க வேண்டாம். தாதியரைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் தாதியர் மன்றத்தின் 2018 நியமங்கள்படி, பட்டம் முடிக்குமுன் மருந்துக் கணக்குத் தேர்வொன்றில் நூற்றுக்கு நூறு எடுத்தே ஆக வேண்டும். தொண்ணூற்றொன்பது எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. நோயாளியைக் காக்கும் வேலியை அங்கே அவ்வளவு இறுக்கமாகப் போட்டுவிட்டு, வாசலில் இன்னொரு முள்வேலி எதற்கு? அதே மன்றம் ஜிசிஎஸ்இ என்றுதான் வர வேண்டும் என்று எங்கும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

திரும்ப எழுதினால் போச்சு என்று சுலபமாகச் சொல்கிறார்கள். 2014 முதல், பதினாறு வயதில் இந்தத் தரத்தை எட்டாதவர்கள் பதினெட்டு வரை கணிதத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கல்லூரிக்கு நிதி கிடைக்காது. தரம் 3 எடுத்தவர்களுக்கு அதே ஜிசிஎஸ்இதான், வேறு வழி கிடையாது. விளைவு என்ன? அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டில் முடிவுகள் வரும்போது, பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஐந்தில் ஒருவர்கூட 4 எடுப்பதில்லை. மூன்று என்ற எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளை, பரீட்சை மண்டப வாசலிலேயே கை நடுங்கி நிற்கிறது. அக்காவின் மகளும் அப்படி நின்றவள்தான். அதிலிருந்து மீண்டு, ஃபங்ஷனல் ஸ்கில்ஸில் தேறி, தன்மீது கொஞ்சம் நம்பிக்கை வைக்கத் தொடங்கிய நேரத்தில், போ, பழைய மண்டபத்துக்கே போ என்கிறார்கள்.

பள்ளித் தகுதி இல்லாத பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஆக்சஸ் டிப்ளோமா செய்யலாமே என்பார்கள். செய்யலாம். அறுபது கிரெடிட் முடித்து நல்ல புள்ளி எடுத்த பின்னும், பல இடங்களில் "கூடவே ஜிசிஎஸ்இ கணிதம்" என்று ஒரு வரி காத்திருக்கிறது. அந்த வரியைச் சேரும் நாளிலேயே மாணவருக்குக் காட்டாத கல்லூரிகளை என்ன சொல்வது? ஓர் ஆண்டு உழைப்பையும் கடனையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "அதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்" என்று கையை விரிக்கிறார்கள். சேர்க்கும்போது கேட்டுச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?

தாதியர் இல்லை, தாதியர் இல்லை என்று நாடு முழுக்கக் கூக்குரல். வரத் தயாராக நிற்கும் பிள்ளையை மட்டும் விரட்டுகிறார்கள். லெவல் 2 கணிதம் எந்த வடிவில் இருந்தாலும் தாதியர் படிப்புக்குப் போதும் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே விதியாக எழுதட்டும். அதுவரை, உங்கள் வீட்டுப் பிள்ளையை எந்த வகுப்பிலும் சேர்க்குமுன், போக விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள், பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.